முதலாளியிடம் ஓங்காத கை

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. ராமேசுவரம் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. மனைவியை இரண்டு முறை அடித்துவிட்டேன். போன மாதம் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்ததில் 11 வயது மகளின் காலில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவள் என் பக்கமே வருவதில்லை. தவக்காலம் முழுக்கக் குடிக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் பழையபடி ஆகிவிட்டேன். ஒரு செபக்கூட்டத்தில் 'கோபத்தின் ஆவி' என்று தலையில் கைவைத்துச் செபித்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தேன். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் தவறாமல் செய்கிறேன். அப்பாவும் எங்களை இப்படித்தான் அடிப்பார்; குடும்பச் சாபம் என்கிறார்கள். ஆண்டவர் ஏன் என்னைக் குணமாக்கவில்லை? என் விசுவாசம் குறைவா?

பதில்:

சகோதரரே,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். குறை விசுவாசத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் செபிக்கும் நேரத்தில் இருக்கிறது. அடித்துவிட்டு அழுகிறீர்கள், அழுதுவிட்டு செபிக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகிறீர்கள். கோபம் ஏறத் தொடங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் செபம் ஒருநாளும் நுழைந்ததில்லை. தொடக்க நூல் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடவுள் காயீனிடம் முதலில் பேசுவது கொலைக்குப் பிறகு அல்ல, முகம் கறுத்து நிற்கிறானே அப்போது. ஏன் உனக்குக் கோபம் என்று கேட்கிறார், பாவம் வாசலில் படுத்திருக்கிறது, நீ அதை அடக்கி ஆளலாம் என்கிறார். அந்த நேரத்தில் காயீன் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிலில் பெரும்பகுதி அந்த நேரத்தைப் பற்றியதுதான்.

அதற்கு முன்னால் உங்கள் மனைவியையும் மகளையும் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் இன்று இரவு பத்திரமாக இருக்க வேண்டும். நீங்கள் மாறும்வரை பொறுத்துக் கிடக்க அவர்களுக்குக் கடமை இல்லை. மனைவி சில வாரம் அம்மா வீட்டில் இருக்க விரும்பினால் தடுக்காதீர்கள். உடனே கூட்டிவரச் சொல்லிப் பங்குச்சாமியையோ ஊர்ப் பெரியவரையோ அனுப்பவும் வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. மூன்றையும் மனைவியின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமையைத் தருகிறது. 'என்னை நானே காட்டிக்கொடுக்கவா?' என்று கேட்கலாம். ஆமாம். மனம் திரும்பியதற்கு ஒரு அடையாளம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி 'கண் மண் தெரியாது' என்ற சொல்லுக்கு வருவோம். பங்கு பிரிக்கும்போது டீசல் கணக்கில் முதலாளி கழித்துக்கொண்டால் உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா? வந்திருக்கும். கையை ஓங்கினீர்களா? கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் அதிகாரியிடம்? கடலில் வழிமறித்த கடற்படைக்காரரிடம்? அங்கெல்லாம் கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. வீட்டுக்குள் மட்டும்தான் தெரியாமல் போகிறது. ஆகவே அடக்கும் திறன் உங்களிடம் இருக்கிறது. எங்கே அவிழ்த்துவிட்டால் கேட்பாரில்லையோ அங்கே அவிழ்த்துவிடுகிறீர்கள். கசப்பாக இருக்கும், ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் இதுதான்: இல்லாத திறனை நீங்கள் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. 'கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அடி வாங்குகிறவர் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை.

கோபமே பாவம் என்றும் எண்ண வேண்டாம். மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் இயேசு கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. அவருடைய கோபம் போய் முடிந்தது சூம்பிப்போன ஒரு கை குணமாவதில். கூலி குறைவதற்கும், படகுகள் பிடிபடுவதற்கும், வாரத் தவணைக்காரர் வாசலில் நின்று பேசுவதற்கும் வரும் கோபத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தைச் சங்கத்தில் பேசுங்கள், மனுவாக எழுதுங்கள். கடலில் வாங்கியதை வீட்டில் வந்து கொடுப்பதுதான் பாவம்.

தவக்காலத்தில் ஏன் முடிந்தது, தடைக்காலத்தில் ஏன் முடியவில்லை? இதை நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மருந்தை நீங்களே ஒருமுறை கண்டுபிடித்துவிட்டுத் தவறவிட்டிருக்கிறீர்கள். அந்த நாட்களில் சாராயம் இல்லை. மாலையில் போக ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நாலு பேர் கூட நின்றார்கள். இரவில் நேரத்தோடு படுத்தீர்கள். கோபத்தைக் குறைத்தது இவையெல்லாம் சேர்ந்துதான். பாஸ்காவோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டீர்கள். அதை ஒட்டியே ஏப்ரல் 15 வந்துவிடுகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வருமானம் இல்லை, நாள் முழுக்க வீட்டில், கையில் முன்பணக் கடன், கூடவே குடி. செபக்கூட்டத்துக்கும் இதே கணக்குதான். அங்கே கிடைத்த ஆறுதல் பொய்யல்ல. ஆனால் அது தந்த மூன்று வாரத்தில் எந்தப் பழக்கத்தையும் நீங்கள் மாற்றவில்லை. ஆவி என்று பெயர் வைத்துவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: கோபம் திரும்ப வரும்போது 'அது திரும்பிவிட்டது' என்றுதான் தோன்றும், 'நான் திரும்பக் குடித்தேன்' என்று தோன்றாது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை கோபம் வந்தபின் ஐந்து வரி எழுத வேண்டும்: நாளும் நேரமும், என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, மனதில் ஓடிய வாக்கியம், என்ன செய்தேன். பக்கத்தில் கோபத்தின் அளவாக 0 முதல் 10 வரை ஒரு எண். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: 'செவ்வாய், காலை 11 மணி. விடியக் கரையேறி மீன் பிரித்துவிட்டு வந்து படுத்தேன். டிவி சத்தம். தாடை இறுகியது, காது சூடானது. "நான் ஒருத்தன் சாகிறேன், இதுகளுக்கு மரியாதையே இல்லை" என்று நினைத்தேன். ரிமோட்டை எறிந்தேன். 7.'

இரண்டு வாரம் எழுதினால் உங்கள் கோபத்துக்கும் ஒரு நேர அட்டவணை இருப்பது தெரியும். விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி கடல். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை நீங்கள் இரவெல்லாம் விழித்த உடம்போடு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்குச் சின்னச் சத்தமும் சண்டைக்கு அழைப்பாகத்தான் கேட்கும். ஞாயிறு இன்னும் மோசம்: தூங்காமலே பூசைக்குப் போய், மதியம் கறிச்சோறும் குடியுமாக உட்கார்ந்தால் சாயங்காலச் சண்டைக்குத் தயார். ஆகவே முதல் விதி, கரையேறிய நாளில் குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கும் வரை பணம், கடன், பிள்ளையின் மார்க், மாமியார் வீடு எதுவும் பேசக்கூடாது. இதை மனைவியிடம் உத்தரவாகச் சொல்லாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். டிவிச் சத்தத்துக்கு என்ன செய்யலாம் என்பதையும் அவரையே கேளுங்கள்.

மனதில் ஓடும் அந்த நாலாவது வரியைத் தனியாகக் கவனியுங்கள். அநேகமாக ஒரே வாக்கியம்தான் வேறு வேறு உடையில் வரும்: 'என்னை மதிக்கவில்லை.' டிவி பார்த்த பிள்ளை உங்களை அவமதிக்க அதைப் போடவில்லை. அவளுக்குப் பொழுது போகவில்லை. வாக்கியத்தை எழுதி, அதன் கீழேயே 'இது உண்மையா, வேறு காரணம் இருக்குமா' என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள்.

அடுத்தது மூச்சு. நாலு எண்ணும் நேரம் மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விட வேண்டும். இழுக்கும்போது 'ஆண்டவரே', விடும்போது 'இரக்கமாயிரும்'. பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. நிறையப் பேர் நெஞ்சை விரித்து வேகவேகமாக இழுப்பார்கள். தலை சுற்றும், படபடப்பு கூடும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பைத் தணிப்பது அதுதான். இன்னொரு தவறு, கோபம் வந்தபிறகு மட்டும் செய்து பார்ப்பது. கோபம் இல்லாத நேரத்தில் காலையும் மாலையும் இரண்டு வாரம் செய்து பழக்கியிருந்தால்தான் அந்த நேரத்தில் தானாக வரும். வலை இழுக்கப் போகுமுன் படகிலேயே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நோட்டில் 5 என்று எழுதும் அளவுக்கு ஏறிவிட்டால் மூச்சு மட்டும் போதாது, இடத்தை விட்டு நகர வேண்டும். கோபத்தில் உடம்பில் பாயும் சுரப்புகள் தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அதற்குள் பேசினால் வாய் பேசும், மூளை பேசாது. செபமாலையின் ஐந்து பத்து மணிகளை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய இதே 20 நிமிடம்தான். கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டே, வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் ஒரு பக்கம் அருள் நிறைந்த மரியே ஓடும், மறுபக்கம் 'திரும்பிப் போய் அவளை இப்படிக் கேட்கணும்' என்று சண்டை ஓடும். அந்த ஒத்திகை நடக்கும்வரை உடம்பு தணியாது.

வெளியே போவதற்கும் முறை இருக்கிறது. எல்லாரும் நிதானமாக இருக்கும் ஒருநாளில் மனைவியோடு பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். 'எனக்குச் சூடு ஏறுது, அரை மணி நேரத்துல வர்றேன்' போதும். சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் அது விலகல் ஆகாது, இன்னொரு அடி. பைக்கை எடுக்காதீர்கள். டாஸ்மாக் பக்கமோ, 'நீ ஆம்பளையா' என்று எண்ணெய் ஊற்றும் கூட்டாளி பக்கமோ போகாதீர்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள்; இன்னும் தணியவில்லை என்றால் வாசலில் நின்று அதைச் சொல்லி இன்னொரு அரை மணி கேளுங்கள். விட்டுவந்த விஷயத்தை மறுநாளுக்குள் பேசி முடிக்க வேண்டும். பேசாமலே விட்டால், 'வாய் திறந்தாலே ஓடிப்போயிடுவான்' என்று மனைவி சரியாகவே புரிந்துகொள்வார். இதே வாக்கியத்தைச் சொல்லி விலக அவருக்கும் உரிமை உண்டு, பின்னாலேயே போகக்கூடாது.

இங்கே சிலர் எபேசியர் 4:26-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள், பொழுது சாய்வதற்குள் சண்டையைத் தீர்த்தாக வேண்டும் என்று. கோபத்தை வளர்த்துக்கொண்டே போகாதே என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. குடித்த உடம்போடு இரவு 11 மணிக்கு மனைவியை எழுப்பி நியாயம் பேசு என்று பவுல் சொல்லவில்லை. தலையணையைக் குத்து, தனியாகப் போய்க் கத்து, ஆறிவிடும் என்ற யோசனையும் வேண்டாம். அது கோபத்தை இறக்குவதில்லை, அடிப்பதற்குத்தான் கையைப் பழக்குகிறது.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி. 'கோபப்பட்டேன் சாமி' என்று சொல்லி வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஆளும் இல்லை, செயலும் இல்லை. 'மனைவியின் கன்னத்தில் அறைந்தேன். மகள் மீது தட்டு பட்டுத் தையல் போட்டது' என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஞாயிறு பூசைக்கு முன் வரிசையில் நின்று சொல்வதைவிட, வேறொரு நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினையையும் பிடித்துக்கொள்ளும்படி வையுங்கள். 'இனிக் கோபப்பட மாட்டேன்' என்று ஓரியூர் அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டால் ஒரு வாரம் தாங்காது. 'கரையேறிய நாளில் குடிக்கமாட்டேன், ஐந்தைத் தொட்டால் வெளியே நடப்பேன்' என்பது செய்யக்கூடியது, செய்தோமா என்று பார்க்கவும் முடியும்.

பாவமன்னிப்பு கிடைத்துவிட்டதால் வீட்டுக் கணக்கு தீர்ந்துவிடாது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொல்லும் வரிசையைப் பாருங்கள். மகளிடம் இப்படிப் பேசலாம்: 'அப்பா தட்டை எறிஞ்சது தப்பு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. இனிமே கோபம் வந்தா அப்பா வெளிய போயிடுவேன். உனக்குப் பயமா இருந்தா அம்மாகிட்ட சொல்லலாம், நான் திட்டமாட்டேன்.' அவ்வளவுதான். 'நீயும் சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல' என்று ஒரு வால் சேர்த்தால் எல்லாம் கெட்டது. கட்டிப்பிடிக்க இழுக்காதீர்கள், மன்னிச்சிட்டேன்னு சொல்லு என்று கேட்காதீர்கள், உடனே போய்ச் சைக்கிள் வாங்கிவராதீர்கள். அவள் பக்கத்தில் வர மாதங்கள் ஆகலாம். மனைவியிடமும் அப்படியே. மன்னிக்கச் சொல்லி வேதவாக்கியத்தைக் காட்டுவது அவரை இன்னொரு முறை அடிப்பதற்குச் சமம்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவே கனமாக இருக்கிறது. சாபம் என்ற பேச்சுக்கு எசேக்கியேல் 18 போதும்: தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை. உங்களுக்கு வந்தது சாபம் அல்ல, பார்த்துப் பழகிய பாடம். ஆனால் அடி வாங்கிய சிறுவனின் பயமும் ஆத்திரமும் உள்ளே கிடக்கும். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்புவதற்கு அல்ல. என்ன செய்தார், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, இன்று அது எங்கே வந்து நிற்கிறது என்று மூன்று பகுதியாக. பக்தியான வார்த்தை தேட வேண்டாம். திருப்பாடல் 109-ஐப் படித்தால் கடவுள் முன் எவ்வளவு கசப்பாகப் பேசலாம் என்பது தெரியும். எழுதும்போது தூக்கம் கெட்டால், பழைய காட்சிகள் விடாமல் வந்தால் நிறுத்திவிட்டு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். மன்னிப்பு கடைசியில் வருவது. வலிக்கவே இல்லை என்று சொல்லித் தொடங்கினால் அது மன்னிப்பு ஆகாது.

உங்கள் ஊரிலேயே சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. ஜூலை 25 திருநாளுக்குப் போவீர்கள். இயேசுவின் சீடரான அந்த யாகப்பரும் வலை இழுத்தவர்தான். அவருக்கும் தம்பி யோவானுக்கும் இயேசுவே வைத்த பெயர் 'இடியின் மக்கள்'. ஒரு சமாரியர் ஊர் இடம் கொடுக்கவில்லை என்றதும், வானத்திலிருந்து நெருப்பை இறக்கி எரித்துவிடலாமா என்று கேட்ட ஆட்கள் (லூக்கா 9:54). ஆண்டவர் அவரைத் தலையில் கைவைத்து ஒரே நாளில் சாந்தப்படுத்தவில்லை. கூடவே நடக்க வைத்தார், திரும்பிப் பார்த்துக் கடிந்துகொண்டார், வேறு ஊருக்கு நடந்தார்கள். செபிக்க ஒரு புனிதர் வேண்டுமென்றால் அவரைவிடப் பொருத்தமானவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

குடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தவக்காலத்தில் நிறுத்தியபோது முதல் மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இருந்ததா? இருந்தால், அல்லது இப்போது தினமும் குடிப்பதாக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், ஆள் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சில நாளுக்கு மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார். அதே சமயம் தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமானாலே சிலருக்கு எரிச்சல் கூடும். கடலில் பிடிபட்டுச் சிறையில் இருந்த அனுபவம் உண்டென்றால், கெட்ட கனவும் திடுக்கிடலும் இருந்தால், அதையும் சொல்லுங்கள். அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு ஆண்களுக்குப் பல நேரம் அழுகையாக வராது, எரிந்து விழுவதாகத்தான் வரும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். செபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்து என்று எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு மார்ச்சிலேயே திட்டம் போடுங்கள். நிவாரணமாக வரும் 8,000 ரூபாய் இரண்டு மாதத்துக்குக் காணாது என்பது தெரிந்த கணக்கு. எந்தத் தவணையை எப்போது கட்டுவது என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள், பணம் அவர் கையில் இருக்கட்டும். காலை 9 முதல் மதியம் 1 வரை வீட்டில் இருக்க வேண்டாம்: படகு வேலை, வலை வேலை, எதுவானாலும் சரி. மாலையில் தவக்காலத்தில் போன அதே நேரம் கோயிலுக்குப் போங்கள், சிலுவைப்பாதையில் கூட நின்ற நாலு பேரில் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி, தினமும் 'இன்னைக்கு எப்படி' என்று ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

நடுவில் ஒருநாள் கத்திவிட்டீர்கள் என்றால் நோட்டில் எழுதி, அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு, எந்தப் படியைத் தவறவிட்டீர்கள் என்று பாருங்கள். கை ஓங்கிவிட்டால் அது வேறு: அன்றிரவே நீங்கள் வேறு வீட்டில் படுக்க வேண்டும், மனைவியோ மகளோ அல்ல. 14416-க்குப் பேசுங்கள், டெலி மனஸ், இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடல் இல்லை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள், நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.